ஒற்றை வயரில் எரிந்த விளக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதை சொல்லுகிற ஆள் இல்லை. பென்னாகரத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பேட்டரிக் கடை வைத்திருந்தவன், பேட்டரி ஜாபர் என்றால் அந்தப் பக்கத்து லாரிக்காரர்களுக்குத் தெரியும். பேட்டரி மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு ஆசிட்டை உறிஞ்சுவேன், குழாய்க்குள் இருக்கிற மிதவை மேலே நின்றால் சார்ஜ் இருக்கிறது, அடியில் உட்கார்ந்தால் இல்லை, அவ்வளவுதான், இதில் காத்துக்கும் கருப்புக்கும் ஒரு வேலையும் கிடையாது. 'அண்ணே, அந்தப் புளியமரத்துக்கிட்ட வந்தா வண்டி தானா நின்னுருதுங்க' என்று எவனாவது வந்தால், 'மொதல்ல டெர்மினலைத் தேய்ச்சு மாட்டுடா, அப்பறம் மரத்தைப் பத்திப் பேசலாம்' என்று கத்தி அனுப்பிவிடுவேன். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். என் மருமகன் எலெக்ட்ரிகல் படித்தவன், அவனும் அதைத்தான் சொன்னான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு நஷ்டம் இல்லை, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

தர்மபுரி தனி ஜில்லா ஆகி மூன்று நாலு வருஷம் இருக்கும். சித்திரை மாசத்து வெயிலில் குடையோடு ஒரு நர்ஸம்மா கடை வாசலில் வந்து நின்றார். சரோஜா என்று பேர், அரூர்க்காரர், நாகமரைப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் பக்கம் அந்த ஊர்கள்வரைக்கும் வந்து கடல் மாதிரி நிற்கும். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டால் மாட்டுவண்டியில் போட்டு பென்னாகரம் வருவதற்குள் உயிர் போய்விடும். தண்ணீரைத் தாண்டி அக்கரை போய்விட்டால் அங்கே ஒருத்தர் வாடகைக் கார் வைத்திருந்தார், மேட்டூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம்.

"படகுக்கு லைட்டு போடணுங்க" என்றார்.

"பரிசலுக்கா?"

"பரிசலுக்கு எவனாவது லைட்டு போடுவானாங்க? துணி கட்டிக் காத்துல ஓட்டுற படகுங்க. நீங்க வந்து பாருங்க."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் ஓடுகிற வண்டிகளைத் தவிர வேறெதற்கும் நான் வயர் இழுத்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

படகு உண்மையிலேயே பாய்மரப் படகுதான். முன்னொரு காலத்தில் மேட்டூரில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் பொழுதுபோக்குக்குச் செய்துகொண்டது, அவர் சீமைக்குப் போனபிறகு கைமாறிக் கைமாறி மாதையன் என்கிற பரிசல்காரரிடம் வந்திருந்தது. பாயில் மைதா மாவுச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். மாதையண்ணனுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும், கறுத்து ஒல்லியாக இருப்பார், ஒரு கேள்வி கேட்டால் பாதி பதில்தான் வரும். 'ஏங்க, இத்தனை நாள் லாந்தரை வெச்சு ஓட்டலையா, இப்ப என்ன லைட்டு' என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவர் தகரத்தை எடுத்துக்கொண்டு படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கப் போய்விட்டார்.

நர்ஸம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன வருசம் ஆடியில ஒரு பொண்ணை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனோங்க. இவரு சம்சாரம், சின்னப்பொண்ணுன்னு பேரு, அவதான் எனக்கு ஒத்தாசைக்கு வருவா. லாந்தரைப் புடிச்சுட்டு முன்னால உக்காந்திருந்தா. காத்துல லாந்தர் அணைஞ்சுபோச்சு. அக்கரைக்கிட்ட தண்ணிக்குள்ள மொட்டை மரமா நிக்குது பாருங்க, அதுல மோதிருச்சு. படகு சாஞ்சு நிமிந்துச்சு. எண்ணிப் பாத்தா எல்லாரும் இருக்கோம், அவ மட்டும் இல்ல. ஒடம்பும் கெடைக்கலீங்க."

இதைக் கேட்டபிறகு விளையாட்டுப் பேச்சு எனக்குள்ளே அடங்கிவிட்டது. இந்த வேலையைச் சுத்தமாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மூன்று நாள் கடையில் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டேன். லாரி முன்விளக்கு ஒன்று, அதைப் படகின் மூக்கில் மாட்டினால் மொட்டை மரம் நூறு அடிக்கு முன்பே தெரிந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று போட்டால் பதினைந்து மணி நேரம் தாராளமாக எரியும், ஒரு தடவை தாண்ட ஒன்றரை மணி நேரம், அப்படியானால் பத்துத் தடவை போகலாம். சார்ஜ் போடத்தான் வழியில்லை, அந்த ஊரில் கரண்டே கிடையாது. அதனால் இரண்டு பேட்டரி ஏற்பாடு, ஒன்று படகில் இருக்கும்போது இன்னொன்று என் கடையில் சார்ஜில் இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை வியாழக்கிழமை பஸ்ஸில் மாற்றிக்கொள்ள வேண்டும். பஸ் கூரையில் பேட்டரி ஏற்ற கண்டக்டர் முகத்தைச் சுளிப்பான், நர்ஸம்மா பேரைச் சொன்னால் ஏற்றிக்கொள்வான். பேட்டரிக்கு வேப்பமரப் பெட்டி செய்து, வைக்கோல் அடைத்து, படகின் நடுவில் இறக்கினேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன், அப்போது அது தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை. கரண்ட் என்றால் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லாரியில் நாங்கள் போகிற வழிக்கு மட்டும்தான் வயர் போடுவோம், திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்பே போதும். அந்தப் படகின் அடியில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு இரும்புப் பட்டை ஓடியது. அடடா, உடம்பு இங்கே இருக்கிறது என்று கை தானாக அதில் ஒரு முனையை முடுக்கிவிட்டது. போகிற வயரையும் லாரியில் போடுவதுபோலவே பலகைக்கு அடியில் மறைத்து, நடுவில் ஒரு ஒட்டுப் போட்டு, டேப் சுற்றிக் கொண்டுபோனேன்.

விளக்கு எரிந்தது. முதல் நாள் சாயங்காலம் கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், தண்ணீருக்கு மேல் வெள்ளையாக ஒரு பாதை மாதிரி வெளிச்சம் ஓடியது. மாதையண்ணன், "நல்லாருக்குங்க தம்பி" என்றார். வைகாசியில் ஒரு பெண்ணும் ஆனியில் ஒரு பெண்ணும் அந்த வெளிச்சத்தில் அக்கரை போய்ப் பிழைத்து வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கடைக்கு வருகிறவனிடமெல்லாம் படகுக்கு வயரிங் பண்ணினவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஆனிப் பாதியில் வம்பு ஆரம்பித்தது. முழுச் சார்ஜோடு அனுப்பிய பேட்டரி நாலாம் நாள் செத்துவிட்டது என்று சேதி வந்தது. படகு அந்த நாலு நாளும் துறையில் கட்டித்தான் கிடந்ததாம். சரி, பேட்டரி பழசு என்று மற்றதை அனுப்பினேன். அது மூன்றாம் நாளே செத்தது. இரண்டையும் கடையில் வைத்து ஒரு வாரம் பார்த்தேன், மிதவை இம்மியும் இறங்கவில்லை. படகில் வைத்தால் மட்டும் எதுவோ குடித்துவிடுகிறது. வீட்டில் எரிந்து விழுந்தேன், படுத்தால் அந்த வயரிங் படம்தான் கண்ணுக்குள் ஓடும்.

கோபத்தில் ஒரு நாள் போய் மாதையண்ணனிடமே கேட்டுவிட்டேன். "ராத்திரி மீன் புடிக்க லைட்டைப் போட்டுக்கிறீங்களா? சொல்லிருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அந்த லைட்டை நான் வெளையாட்டுக்குப் போடுவேனுங்களா தம்பி?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஊருக்குள் வேறு மாதிரிப் பேச்சு. சின்னப்பொண்ணுதான் லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள் என்றார்கள். டீக்கடையில் ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே சொன்னபோது, பேட்டரியைக் குடிக்கிற பேய்க்கு வாய் எங்கே இருக்கும், ப்ளஸ்ஸிலா மைனஸிலா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அந்த வருஷம் பென்னாகரத்தில் கம்பம் சாய்ந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. இரண்டு பேட்டரியில் ஒன்று படகில் செத்துக் கிடக்கிறது, இன்னொன்று என் கடையில் சார்ஜ் ஏறாமல் கிடக்கிறது. சும்மா உட்கார முடியவில்லை. கொஞ்சம் வயரும் கருவிகளும் மட்டும் எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனேன், இன்றைக்குக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று.

அடிப்பலகையைப் பெயர்த்துக் கையை விட்டேன். அடியில் தேங்கிய தண்ணீர் விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் சுரீரென்று எரிந்தது. தண்ணீர் எரியுமா? நாக்கில் தொட்டுப் பார்த்தேன், ஆசிட் புளிப்பு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லாரி சாயாது, பாய்மரப் படகு காற்றில் சாயும். சாயச் சாயப் பேட்டரியிலிருந்து ஆசிட் சிந்தி அடித்தண்ணீரில் கலந்திருக்கிறது, அந்தத் தண்ணீர் என் வயர் ஒட்டுக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவில் பாலமாக நின்று, ஸ்விட்ச் போடாமலேயே இரவும் பகலும் சார்ஜைக் குடித்திருக்கிறது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, நான்தான். மரப்படகை லாரியாக நினைத்த மடையன் நான்தான்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், பேட்டரி செத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாததற்குத்தான் பேய் என்று பேர் வைக்கிற ஆள் நான் இல்லை.

வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்காமல் வேலையை ஆரம்பித்தேன். இரும்புப் பட்டையில் இருந்த முனையைக் கழற்றி எறிந்தேன். பழைய ஒட்டை வெட்டிவிட்டுப் போகிற வயரை மேலே தூக்கிப் புதிதாகக் கட்டினேன். திரும்பி வருகிற வழிக்குப் பன்னிரண்டு அடி வயரை அளந்து வெட்டி, ஒரு முனையை விளக்கில் முடுக்கி, மறு முனையில் ஒரு அங்குலம் தோலை உரித்துவிட்டு அப்படியே தொங்கவிட்டேன், பேட்டரியில் மாட்டவில்லை. மாட்டியும் பிரயோசனம் இல்லை. ஹைட்ரோமீட்டரைப் பேட்டரியின் ஆறு அறையிலும் விட்டுப் பார்த்தேன், ஆறிலும் மிதவை அடியில் உட்கார்ந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரம், நர்ஸம்மா மேட்டிலிருந்து ஓடிவந்தார். பின்னாலேயே கயிற்றுக் கட்டிலில் காவேரி என்கிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவள் புருஷன் கூடவே அழுதுகொண்டு வந்தான். தலைப்பிரசவம். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்துவிட்டதாம், இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போகவில்லையென்றால் தாயும் போய்விடுவாள் என்றார்.

"லைட்டு ரெடிங்களா ஜாபரண்ணே?" என்று கேட்டார்.

"பேட்டரி செத்துருச்சுங்க, எல்லாம் என் தப்புதான்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மாதையண்ணன் லாந்தரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "முன்னால உக்காருங்க தம்பி" என்றார். அது யார் உட்கார்ந்த இடம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என் டார்ச்சை எடுத்துப் பார்த்தேன், பேட்டரிக் கடைக்காரன் டார்ச்சில் பேட்டரி செத்துக் கிடந்தது.

பாதித் தண்ணீர்வரை வெளிச்சம் இருந்தது. அப்புறம் இருட்டு ஒரேயடியாக இறங்கியது, காற்று எதிரே, பாயைச் சாய்த்துச் சாய்த்து மாதையண்ணன் ஓட்டினார், தண்ணீர் முகத்தில் வந்து அறைந்தது. நான் லாந்தரை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன், அப்படியும் ஒரு அடியில் அணைந்துவிட்டது. தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. பின்னால் காவேரி ஒரு மாதிரி முனகினாள், நர்ஸம்மா 'இரும்மா, இரும்மா' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே எங்கேயோ மொட்டை மரங்கள் நிற்கின்றன, எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை எழவும் முடியவில்லை. இந்தப் பெண் செத்தால் நான் கொன்றதுதானே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செத்த பேட்டரியிலும் சில நேரம் ஒரு சொட்டு இருக்கும், மாட்டிப் பார்க்கலாம், சிவப்பாகவாவது மினுக்கட்டும் என்று நினைத்துத் தொங்கவிட்ட வயரைத் தடவித் தேடினேன். முனை படகுக்குள் இல்லை. காற்றில் புரண்டு வெளியே தண்ணீருக்குள் விழுந்திருந்தது. இழுத்தேன்.

வரவில்லை. மரத்தில் மாட்டியிருந்தால் படகு போகிற வேகத்துக்கு வயர் வெடுக்கென்று அறுந்திருக்க வேண்டும். இது அறுபடவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை, எங்களோடு கூடவே வந்தது. நான் கொஞ்சம் இழுத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. கோவில் தேர்வடத்தை இரண்டு பக்கமும் பிடித்தால் கையில் ஒரு இழுப்புத் தெரியுமே, அந்த மாதிரி.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

மினுக்கல் இல்லை. முதல் நாள் எரிந்ததைவிட வெள்ளையாக, நிதானமாக எரிந்தது. எதிரே முப்பது அடியில் ஒரு மொட்டை மரம், மாதையண்ணன் சுக்கானைத் திருப்பிவிட்டார், மரம் பக்கத்தில் உரசாமல் போனது.

"அப்பாடா, இதை மொதல்லயே பண்றதுக்கென்னங்க" என்று பின்னாலிருந்து நர்ஸம்மா சொன்னார்.

அவருக்குத் தெரியாது. அந்தப் படகில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பேட்டரி செத்தது. திரும்பி வருகிற வயர் எதிலும் மாட்டவில்லை, அதன் நடுப்பகுதி என் கையில் இருக்கிறது, முனை தண்ணீருக்குள் இருக்கிறது. விளக்கு எரிய முடியாது, எரிகிறது. வயரைப் பேட்டரியில் முறையாக மாட்டிவிடலாம் என்று பலமாக இழுத்துப் பார்த்தேன், விளக்கு மங்கியது. தளர்த்தினேன், வெளிச்சம் வந்தது. இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது, அதே இழுப்பில் பிடித்துக்கொண்டிருந்தால் எரியும் என்று புரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அரைமணி இருக்கும், தோள் மரத்துப்போனது.

பயத்தில் மனுஷன் என்னவெல்லாம் பேசுவான். கலிமா சொன்னேன். அப்புறம், என்னையறியாமல், தண்ணீரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். "ஆத்தா, விட்டுறாத. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்க. கரைக்குப் போனதும் ஒன்னையும் மேல ஏத்திர்றேன். நான் விட மாட்டேன், நீயும் விடாத." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆத்தா என்று ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

தூரத்திலிருந்தே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கார்க்காரர் காரைத் துறைக்கே இறக்கி நிறுத்தியிருந்தார். படகு மணலில் தட்டியது. "ஜாபரண்ணே, வந்து தலைமாட்டைப் புடிங்க, சீக்கிரம்" என்று நர்ஸம்மா கத்தினார். காவேரிக்கு நினைவு இல்லை. அவள் புருஷன் ஒருத்தனால் தூக்க முடியவில்லை. நான் என் கையைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். "வாங்கண்ணே" என்று மறுபடியும் கத்தினார்.

விட்டுவிட்டேன். விட்ட அதே நொடியில் விளக்கு அணைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, குதித்து ஓடிக் காவேரியைத் தூக்கிக் காரில் படுக்கவைத்தேன், நர்ஸம்மாவும் புருஷனும் ஏறிக்கொண்டார்கள், கார் போய்விட்டது.

குழந்தை தங்கவில்லை. தாய் பிழைத்தாள். இன்னும் அரைமணி போயிருந்தால் அவளும் இல்லை என்று டாக்டர் சொன்னதாக நர்ஸம்மா பிற்பாடு சொன்னார்.

அந்த இராத்திரி நானும் மாதையண்ணனும் கார் நின்ற மேட்டிலேயே குந்தியிருந்தோம். விடிந்ததும் அவர் படகுக்கு இறங்கிப் போனார், நான் பத்தடி தள்ளியே நின்றேன். தண்ணீருக்குள் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டப் பார்த்தார், வரவில்லை. லேசாக இழுத்தார், கொஞ்சம் வந்தது, மறுபடி அந்தப் பக்கமே போனது. அங்கே தண்ணீருக்குள் மொட்டை மரம் கிடையாது, வெறும் மணல் துறை. அவர் அப்படியே வயரைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"நேத்து நீங்க பேசிட்டே வந்தீங்க. காத்துல ஒண்ணும் வெளங்கலீங்க. என்னங்க சொன்னீங்க?"

"துஆ ஓதிட்டு வந்தேங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது? கரையேற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டேன் என்றா? சொன்னால் அந்த மனுஷன் அதே நிமிஷம் தண்ணீருக்குள் இறங்கியிருப்பார், ஏற்கெனவே அவருக்கு முழங்காலுக்கு மேலே வேட்டி நனைந்திருந்தது. அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன். வெட்கமும் ஒரு காரணம்தான்.

விளக்கில் நான் முடுக்கியிருந்த வயர் முனையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கரையில் தண்ணீரோரமாக ஒரு வேலமரம் நின்றது, அதன் வேரில் அந்த முனையைக் கட்டினார். "இங்க கெடக்கட்டுங்க. வர்றதுன்னா இதைப் புடிச்சு வந்துக்கலாம்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது பேட்டரியை முழுச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோய், விளக்கிலிருந்து ஒரு வயரையும் பேட்டரியிலிருந்து ஒரு வயரையும் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீரே பாலமாக நிற்குமா என்று பார்த்தேன். இருபது முப்பது தடவை பார்த்தேன். முழுச் சார்ஜிலும் பல்பின் கம்பி சிவக்கக்கூட இல்லை. என் மருமகன் இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான். படகுக்கு இரண்டு வயர் போட்டு, பேட்டரிப் பெட்டியை உயர்த்திச் சாய்ந்தாலும் சிந்தாதபடி செய்துகொடுத்தேன், அதற்குப் பிறகு ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அக்கரைத் துறைக்கு மட்டும் நான் போகவில்லை. ஒவ்வொரு வியாழனும் பேட்டரியை ஏற்றும்போது இன்றைக்குப் போகலாம் என்று நினைப்பேன், கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மாதையண்ணன் கடைக்கு வந்தார், அவர் பென்னாகரம் வருகிற ஆளே இல்லை. துண்டுக்குள்ளிருந்து ஒரு வயர்ச் சுருளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"வந்துருச்சுங்க. நான் எப்பவும்போல லேசா இழுத்தேன், சரசரன்னு வந்துருச்சு."

"தண்ணி எறங்கிருச்சுங்களா?"

"இல்லீங்க, தண்ணி அப்படியேதான் நிக்குது. அவளா விட்டுட்டா போலத் தெரியுது." அவர் முகம் தெளிவாக இருந்தது, அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "இனி அவளுக்கு இங்க ஒண்ணுமில்ல போலங்க. நல்லதுதானுங்களே?"

நல்லதுதான் என்றேன். டீ வாங்கிக்கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபிறகு சுருளைப் பிரித்து நான் தோல் உரித்த முனையைப் பார்த்தேன். செம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், பத்து நாள் தண்ணீரில் கிடந்தாலே கறுத்துப் பச்சை பிடித்துவிடும். அது அஞ்சு மாசத்துக்கு மேல் கிடந்தது. அந்த ஒரு அங்குலம் மட்டும் நேற்றுத் தேய்த்த குடம் மாதிரி பளபளவென்று இருந்தது. இழைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன, தினமும் கை படுகிற கதவுத் தாழ்ப்பாள் தேய்வதுபோல.

மாதையண்ணன் அதற்கப்புறம் பதினாறு பதினேழு வருஷம் இருந்தார். பொண்டாட்டி நிம்மதியாகப் போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டு அவரும் போய்ச் சேர்ந்தார், நான் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்குத் தெரியும். அவள் அஞ்சு மாசமும் முனையை விடவில்லை, நான் வருவேன் என்று பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் போகவில்லை. அதற்கப்புறம்தான் விட்டிருக்கிறாள்.